பிள்ளை கையால் எடுத்துச் சாப்பிட மாட்டேன் என்கிறதா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலில் காலை ஆறரைக்கெல்லாம் குட்டிக் குட்டிச் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஃபேக்டரி ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள், செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். கடைக்குட்டிக்கு எட்டு மாதம், பெரியவனுக்கு இரண்டரை வயது. என் அம்மா தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஆயாவாக இருந்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற தாய்மார்கள் விடியுமுன்பே பிள்ளையைத் தூக்கத்தோடு கொண்டுவந்து தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார்களாம். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் போய்விட்டன, கொட்டகையும் போய்விட்டது, அந்த வேலை மட்டும் என் கைக்கு வந்திருக்கிறது.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது எல்லாரும் சொல்வது ஒன்றுதான். “ஒங்ககிட்ட நல்லா சாப்புடுறான்க்கா, வீட்டுல தொடவே மாட்டேங்குறான்.” என்னிடம் தனிச் சமையல் எதுவும் இல்லை. பிள்ளை சாப்பிடாவிட்டால் நான் சாப்பாட்டை மாற்றுவதில்லை. வெட்டிய அளவு சரியா, மிருதுவாக இருக்கிறதா, கொடுத்த நேரம் சரியா, அதற்குமுன் எவ்வளவு பால் குடித்தது என்று வரிசையாகப் பார்ப்பேன். இந்த நான்கும் சரியாக இருந்தும் பிள்ளை வேண்டாம் என்றால்தான் வேறு சாப்பாட்டைத் தேடுவேன். பெரும்பாலும் அதுவரைக்கும் போக வேண்டியிருக்காது.

எப்போது தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஆறு மாதம் முடிந்ததும் மசித்த உணவு. எட்டு மாத வாக்கில் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே எடுத்துத் தின்னத் தயாராகிவிடுவார்கள். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பிள்ளை சாயாமல் உட்கார வேண்டும், தலை நிற்க வேண்டும், கண்ட பொருளை வாய்க்குக் கொண்டுபோகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் வராமல் மாதக்கணக்கை மட்டும் பார்த்துத் தொடங்காதீர்கள்.

வாயில் வைத்ததும் ஓக்களிக்கிறது

இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் ஒன்றரை வயதுவரைக்கும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறார்கள். ஓக்களிப்பும் மூச்சடைப்பும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஓக்களிக்கிற பிள்ளை சத்தம் போடும். இருமும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், நாக்கை நீட்டித் துண்டை வெளியே தள்ளும். தொண்டைக்குள் பெரிதாக எதுவும் போகாமல் உடம்பு தானே பார்த்துக்கொள்கிற காவல் அது. சின்னக் குழந்தைக்கு அந்தக் காவல் நாக்கின் முன்பக்கமே நிற்கும், அதனால் அடிக்கடி வரும். பக்கத்திலேயே இருங்கள், முகத்தில் பதற்றத்தைக் காட்டாதீர்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. பாதி வெளியே வந்த துண்டை உங்கள் விரலே உள்ளே தள்ளிவிடும்.

மூச்சு அடைத்த பிள்ளையிடமிருந்து சத்தம் வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பூக்கும். அப்போது ஒரு வினாடியும் யோசிக்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வரவில்லையா, மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்து. ஒரு வயதுக்கு மேலே என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் 999-ஐ அழைக்க வேண்டும். படித்தால் மட்டும் கை பழகாது. செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன, ஒரு நாள் ஒதுக்கிப் போய்வாருங்கள்.

எனக்கு அந்தப் பாடம் என் சின்ன மகனால் வந்தது. அப்போது அவனுக்கு ஒரு வயது மூன்று மாதம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஃபிஷ் போலை, அதாவது மீன் உருண்டையை, பாதியாக வெட்டிக் கையில் கொடுத்தேன். பாதிதானே என்ற நினைப்பு. திரும்பிப் பார்த்தால் வாய் திறந்திருக்கிறது, சத்தமே இல்லை. மூன்றாவது தட்டில் துண்டு சட்டையில் வந்து விழுந்தது. அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது, தட்டுத் தட்டாய் ஃபிஷ் போல் தின்கிறான். என் வீட்டில் சிறுபிள்ளை யாருக்கும் நான் அதைக் கொடுப்பதில்லை.

உருண்டை, வழுவழுப்பு, ரப்பர் மாதிரி அமுங்கி விரிவது: இந்த மூன்றும் சேர்ந்த எதுவும் குழந்தையின் தொண்டைக்கு அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் அது இன்னும் வட்டம்தான். சாசேஜும் அப்படியே, அதை வட்ட வட்டமாக வெட்டிக் கொடுப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிற தப்பு. காடை முட்டையை உதிர்த்துக் கொடுங்கள். ரம்புத்தான், மாத்தா கூச்சிங், லங்சாட் சீசனில் கொட்டையோடு கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். சதையைப் பிய்த்துச் சின்னச் சின்னதாக்கிக் கொடுக்கலாம். முழுக் கடலை, முழு முந்திரி, கச்சான் பூத்தே (வறுத்த கடலை, பயறு வகை), சோளப் பொரி, முறுக்கு, குட்டிக் கிண்ணத்து ஜெல்லி எல்லாம் கிட்டவே வரக்கூடாது. முழுக் கடலைக்கு ஐந்து வயது ஆகட்டும். தீபாவளிக்கு மேசையில் வைக்கிற போத்தல்களை அந்த மாதம் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

மற்றபடி ஓக்களிப்பு வந்தால் முதலில் சோதிப்பது மிருது. துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். சுலபமாக நசுங்கினால் பிள்ளையின் ஈறும் நசுக்கும். நசுங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வேகட்டும். முன்பல் எட்டு முளைத்துவிட்டதே என்று ஏமாறாதீர்கள், முன்பல் கடிக்கத்தான் செய்யும். அரைக்கிற கடைவாய்ப் பல் ஒரு வயது தாண்டித்தான் வரத் தொடங்கும். பச்சைக் கேரட்டைக் கடித்து உடைத்துவிட்டு, அரைக்க முடியாமல் அப்படியே விழுங்கப் பார்ப்பது இதனால்தான்.

எடுக்கிறது, வழுக்கி விழுகிறது, அழுகிறது

எட்டு மாதப் பிள்ளை முழுக் கையால் பிடிக்கும். துண்டு அதன் முஷ்டிக்குள்ளேயே ஒளிந்துவிட்டால் வாய்க்கு என்ன கிடைக்கும்? உங்கள் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டுங்கள், பாதி பிடிக்க, பாதி கடிக்க. ஒன்பது, பத்து மாதத்தில் இரண்டு விரலால் பொறுக்க வந்துவிடும். அப்போது பட்டாணி அளவு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். “சின்னதா வெட்டுனாதானே பயமில்ல” என்று எட்டு மாதத்தில் பொடிப்பொடியாக வைத்தால், பிள்ளை தட்டைத் தடவித் தடவி அலுத்துப்போய் அழும்.

வழுக்குவது பப்பாளியும் மாம்பழமும். மாவில் புரட்டினால் பிடி கிடைக்கும். நான் வறுத்துப் பொடித்த ஓட்ஸ் வைத்திருக்கிறேன், சத்துமாவும் போதும், துருவிய தேங்காயை நன்றாகப் பொடித்துப் புரட்டினாலும் நன்றாக இருக்கும். பிசாங் மாஸ் வாழைப்பழம் குட்டியாக இருப்பதால் தோலைப் பாதிவரை மட்டும் உரித்துக் கொடுங்கள், தோல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தின்னும். தோலை நன்றாகக் கழுவிவிட்டு.

தம்புன் பக்கத்துப் பம்பளிமாஸ் வந்தால் விடாதீர்கள். மேல்தோலி முழுவதையும் நீக்கி, விதையையும் எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் முத்துகளை உதிர்த்துத் தட்டில் போட்டால் இரண்டு விரலால் பொறுக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. இரண்டரை வயது மகராசன்கூட அரைமணி நேரம் சத்தமில்லாமல் உட்காருவான்.

எல்லாம் தரைக்குப் போகிறது

தட்டில் எட்டுத் துண்டு வைத்தீர்களா? இரண்டு வையுங்கள், தின்றதும் இன்னும் இரண்டு. அப்படியும் எறிந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், எடுத்துவிடுங்கள். எறிந்ததைப் பொறுக்கி, ஊதி, திரும்ப வைத்து, “இந்தா, இந்தா” என்றால் அது விளையாட்டாகிவிடும்.

கால் தொங்குகிறதா என்றும் பாருங்கள். கால் ஊன்ற இடமில்லாத பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும். நாற்காலிக்குக் கீழே ஒரு ஸ்டூல், அல்லது தரையில் பாய் போட்டுக் குட்டி மேசை. தொட்டிலில் ஆட்டிக்கொண்டே, மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே ஊட்டுவதெல்லாம் வேண்டாம். வண்டி ஒரு குழியில் இறங்கினால் வாயில் இருப்பது எங்கே போகும் என்று யோசியுங்கள்.

கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறது

பெரும்பாலும் கோழி இறைச்சி, அதுவும் நெஞ்சுக் கறி. நார் நாராகப் பிரிந்து மெல்ல முடியாமல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தொடைக் கறிக்கு மாறுங்கள், குழம்பில் ஊறவிட்டு நாருக்குக் குறுக்கே பொடியாக நறுக்குங்கள். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைக்கு எதிரே நீங்கள் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டுங்கள், அதுவும் திறக்கும், உள்ளே பார்த்துவிடலாம். வாயில் துண்டோடு தூங்கப்போட வேண்டாம்.

இதற்கு இன்னொரு காரணம் கைப்பேசி. படம் ஓடும்போது வாயில் இருப்பதை மெல்வதே மறந்துபோகிறது. என் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி கிடையாது. இதை வைத்து என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்த பாட்டி ஒருவர் உண்டு.

ஒரேயடியாக வாயில் திணிக்கிறது

பசி முற்றிப் போய்ச் சாப்பிட உட்காரவைத்தால் இப்படி ஆகும். அரைமணி முன்னால் கொடுங்கள், ஒவ்வொன்றாக வையுங்கள். கடித்துத்தான் தின்ன முடியும் என்கிற அளவில் நீளத் துண்டு கொடுத்தால் தானே நிதானம் வரும். தோசையை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டிக் கொடுப்பது இதற்குத்தான்.

தட்டைப் பார்த்ததுமே தலையைத் திருப்புகிறது

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் சாப்பாட்டை மாற்றி மாற்றி வீட்டுப் பெண்கள் ஓய்ந்துபோகிறார்கள்.

போன வருடம் ஒரு பையன் வந்தான். ஒன்றரை வயது. இட்லி கொடுத்தால் மூடிய வாய், பழம் கொடுத்தால் மூடிய வாய். அவன் அம்மா பதினைந்து விதமாகச் சமைத்துப் பார்த்துவிட்டார். நான் ஒரு தாளைக் கொடுத்து, இரண்டு நாளைக்கு அவன் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதச் சொன்னேன். காலை எழுந்ததும் ஒரு போத்தல் பால். ஒன்பது மணிக்குத் தாத்தா மேரி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொடுக்கிறார், அதுவும் சூசு (டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால்) போட்ட தேநீர். பதினொன்றுக்கு ஒரு போத்தல். மத்தியானம் சாப்பிடவில்லை என்று பரிதாபப்பட்டு இன்னொரு போத்தல். சாயங்காலம் மைலோ. இரவில் இரண்டு போத்தல். எழுதிய தாளை அவர் திரும்ப ஒருமுறை படித்துவிட்டு, “இவனுக்கு எங்கக்கா பசிக்கும்?” என்று அவரே கேட்டார்.

ஒரு வயதுக்குள் பால்தான் முக்கியம், அதில் கை வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டியபிறகு பசும்பாலோ மாவுப்பாலோ நாளுக்கு 500 மில்லிக்குள் நிற்கட்டும். அதற்குமேல் போனால் வயிறு நிறைவதோடு இரும்புச்சத்தும் குறையும். பாலில் இரும்பு மிகக் குறைவு, அதோடு சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது தடுக்கும். தேநீரும் அதையே செய்யும். சூசு என்று டின்னில் வருவதில் பெரும்பகுதி சர்க்கரை, அதைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்தப் பையனுக்குச் செய்தது இவ்வளவுதான். பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளினோம், போத்தலை எடுத்துவிட்டுக் கோப்பைக்கு மாற்றினோம், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் தாத்தாவும் பேரனும் சேர்ந்து அழுதார்கள். நான்காம் நாள் பசியாறும் நேரத்தில் இட்லித் துண்டை அவனே எடுத்தான். தாத்தாவுக்கும் ஒரு வேலை வேண்டுமே, பூசணியை வேகவைத்துக் கீற்றுப் போடுகிற பொறுப்பை அவரிடம் கொடுத்தோம்.

பால் சரி, நேரம் சரி, இருந்தும் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் வேண்டாம் என்கிறதா? அதைத் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வைத்துக்கொண்டே வாருங்கள், பேச்சே எடுக்காமல். புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து முறை, சில நேரம் அதற்குமேலும் ஆகும். மூன்றாவது முறையே “இவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது” என்று முத்திரை குத்திவிடுகிறோம். எலன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இதை வேலைப் பங்கீடாகச் சொல்வார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் வேலை, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் வேலை. நம் பாட்டிமார்களுக்கு இரண்டாவது பாதி சுத்தமாகப் பிடிக்காது. எனக்குமே அது பழக நாளாயிற்று.

நேற்றுவரை நன்றாகத் தின்றது, இப்போது கொறிக்கிறது

ஒரு வயதில் பிள்ளையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல மும்மடங்கு ஆகிவிடும். அடுத்த வருடம் முழுக்க ஏறுவது 2 முதல் 3 கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறையும். கிளினிக்கில் கொடுத்த பதிவுப் புத்தகத்தை எடுத்து எடைக் கோட்டைப் பாருங்கள். கோடு தன் பாதையில் போனால் விட்டுவிடுங்கள். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, மிஸ்ஸியிடம் (கிளினிக் நர்ஸிடம்) காட்டி இரத்தச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். பல் முளைக்கிறதா, வாய்ப்புண் இருக்கிறதா என்று வாயையும் திறந்து பாருங்கள். அந்த நாட்களில் குளிர்ந்த பப்பாளி, தயிர்சாதம் போதும்.

வெளிக்குப் போவதில் கோளாறு

இறுகிப் போகிறது என்றால் முதலில் பால் அளவு, பிறகு தண்ணீர், பிறகு வாழைப்பழம் எவ்வளவு பழுத்தது என்பது. காயாக இருப்பது கட்டும். கனிந்த பப்பாளி இரண்டு கீற்று, வெந்த கீரை போட்ட தோசை.

சிவப்பாகப் போகிறது என்று ஒரு தாய் காலையிலேயே கிளினிக்குக்கு ஓடினார். அங்கே மிஸ்ஸி டயப்பரைப் பார்த்துவிட்டு, “சுடா மக்கான் புவா நாகா கா?” (டிராகன் பழம் சாப்பிட்டதா?) என்றாராம். ஆமாம், முந்தின நாள் சிவப்பு டிராகன் பழம். பீட்ரூட்டும் இதே வேலையைச் செய்யும். வாழைப்பழம் தின்ற குழந்தைக்குப் பூச்சி மாதிரி மெல்லிய கறுப்பு நூல்கள் வரும், அது பழத்தின் நார்தான். கேரட்டும் பூசணியும் தினமும் தின்றால் உள்ளங்கை மஞ்சளிக்கும், கண் வெள்ளையாகவே இருந்தால் காமாலை அல்ல. சிவப்பாக எதுவும் சாப்பிடாமல் சிவந்து போனாலோ, தார் மாதிரி கறுத்துப் போனாலோ மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

வாயைச் சுற்றிச் சிவந்து தடிக்கிறது

தக்காளி, அன்னாசி, ஆரஞ்சு பட்ட இடத்தில் மட்டும் சிவந்து, துடைத்தபின் சிறிது நேரத்தில் அடங்கினால் அது புளிப்பின் எரிச்சல். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சில் சீழ்க்கை என்றால் ஒவ்வாமை, உடனே மருத்துவமனை. இதற்காகத்தான் முட்டை, கடலை, மீன், இறால் எல்லாவற்றையும் தனித்தனியாக, கொஞ்சமாக, காலை வேளையில் அறிமுகப்படுத்தச் சொல்கிறேன். இரவில் கொடுத்தால் யார் விழித்திருந்து பார்ப்பது?

பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்தபோது, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது. கடலையை விழுதாக அரைத்துக் கஞ்சியில் கலந்தோ, தோசைக் கீற்றில் மெல்லிசாகத் தடவியோ கொடுக்கலாம். கரப்பான் என்கிற தோல் அரிப்பு கடுமையாக உள்ள பிள்ளை, முட்டையில் ஏற்கெனவே தடித்த பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். தேன் மட்டும் ஒரு வயதுவரை கூடாது, சேனை வைக்கிறேன் என்று நாக்கில் ஒரு துளி தொடுவதும் கூடாது.

மீன் கொடுக்கலாமா, முள்ளை என்ன செய்வது

பயந்துகொண்டு மீனே கொடுக்காத வீடுகளுக்காக, நான் செய்கிற கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) கட்லெட்.

இரண்டு கெம்போங் மீனை மஞ்சள் தடவி ஆவியில் வேகவைக்கிறேன். ஆறியதும் தோலை உரித்து, நடுமுள்ளைத் தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். பிறகு கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெள்ளைத் தட்டில் விரல் நுனியால் தேய்த்துப் பரப்பினால் முள் குத்தும். ஒருமுறை முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாம் முறையிலும் எனக்கு ஒன்றிரண்டு அகப்படாமல் போனதில்லை. வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மீனின் அளவுக்கே எடுத்து மசித்துச் சேர்த்து, நறுக்கிய கொத்துமல்லி, ஒரு சிட்டிகைச் சீரகம். உப்புப் போடுவதில்லை. சுண்டுவிரல் மாதிரி உருட்டித் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி வாட்டினால் வெளியே மெல்லிய பொறுக்கு கட்டும், உள்ளே மெத்தென்று இருக்கும். அந்தப் பொறுக்குதான் பிள்ளைக்குப் பிடி.

மீனுக்குப் பதில் நெத்திலி என்றால் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, வறுத்துப் பொடித்துச் சேருங்கள். உப்பு முழுவதும் போகாது, அதனால் அளவாக.

நம் ஊர் வெக்கையில் சமைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்குமேல் மேசையில் வைக்காதீர்கள். மீதமாவதை ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் நன்றாகச் சூடுபடுத்திக் கொடுக்கலாம். இரண்டு மீனுக்குப் பன்னிரண்டு கட்லெட் வரும். ஐவருக்கும் ஆளுக்கு இரண்டு. ஓரம் கருகிப்போன மற்ற இரண்டும் என் நாலு மணித் தேநீருக்கு.